அலமாரியை அப்புறம் பார்க்கலாம், முதலில் கதவை எண்ணுங்கள்

கேள்வி: எங்கள் வீடு தாத்தா காலத்துச் செங்கல் வீடு. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. சமையலறை 12 அடி நீளம், 10 அடி அகலம். இடத்துக்குக் குறைவில்லை, ஆனால் இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் நுழைய முடியாது. மூன்று கதவுகள் இருக்கின்றன. ஹாலிலிருந்து வரும் கதவு முன்சுவரில், இடது மூலையிலிருந்து ஓரடி தள்ளி இருக்கிறது. கொல்லைக் கதவு பின்சுவரின் வலது ஓரத்தில். ஸ்டோர் ரூம் கதவு வலது சுவரின் நடுவில். இடது சுவரின் நடுவே நாலடி ஜன்னல், அதன் கீழே ஆறடிக்கு ஒரு மேடை. சிங்க் பின்சுவரில் இடது மூலைப் பக்கம். இப்போது புதுப்பிக்கப் போகிறோம். ஹால் சுவரை மொத்தமாக எடுத்து ஓப்பன் கிச்சன் ஆக்கிவிடலாம் என்கிறார் கொத்தனார் (மாடி அறையின் சுவர் அதன் மேல்தான் வருகிறது). அலமாரி செய்பவர் 'யு' வடிவத்தில் படமே போட்டுக் கொடுத்துவிட்டார். சிங்க்கை ஜன்னலுக்கு அடியில் கொண்டுவர வேண்டும் என்பது மனைவியின் ஆசை. ஸ்டோர் கதவை மூடக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: நீங்கள் எழுதிய அளவுகளை ஒரு கட்டம் போட்ட தாளில் வரைந்தேன். மேடை, சிங்க், அலமாரி எதையும் போடவில்லை. கதவுகளை மட்டும் குறித்துக்கொண்டு, ஆள் நடக்கும் வழியைப் பென்சிலால் இழுத்துப் பார்த்தேன். ஹால் கதவிலிருந்து கொல்லைக் கதவுக்குப் போகிற கோடு அறையைக் குறுக்காகக் கிழித்துக்கொண்டு போகிறது. நீளம் 13 அடி. ஆள் நடக்க 3 அடி அகலம் என்று வைத்தால் சுமார் 40 சதுர அடி. உங்கள் சமையலறையே 120 சதுர அடிதான். மூன்றில் ஒரு பங்கு இடத்தில் நீங்கள் சமைக்கவில்லை, நடக்கிறீர்கள். அதுவும் அறையின் நட்டநடுவில், அடுப்பில் நிற்பவரின் முதுகை உரசிக்கொண்டு.

1926இல் ஃப்ராங்க்ஃபர்ட் நகரத்துக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். இன்றைய மாடுலர் கிச்சனுக்கெல்லாம் பாட்டி அதுதான். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், அதாவது 70 சதுர அடி. அதற்குள் ஒரு குடும்பத்துக்கான சமையலை எட்டாத பொருள் இல்லாமல் அடக்கிக் காட்டினார். உங்களிடம் அதைப் போல் ஒன்றே முக்கால் மடங்கு இருக்கிறது. எனவே சுவரைத் தள்ளி இடம் தேட வேண்டாம். இருக்கிற இடத்தைக் கதவுகள் எப்படிச் சாப்பிடுகின்றன என்று மட்டும் பார்ப்போம்.

முதல் குற்றவாளி ஹால் கதவு. மூலையிலிருந்து ஓரடியில் வைத்திருக்கிறார்கள். சமையல் மேடைக்கு 2 அடி ஆழம் வேண்டும். அந்த மேடையை இடது சுவரோடு முன்சுவர் வரைக்கும் கொண்டுபோனால் கதவு வழியில் ஓரடி அடைபடும். அதனால்தான் 12 அடிச் சுவர் இருந்தும் உங்கள் மேடை 6 அடியோடு நின்றுபோயிருக்கிறது. ஒரு கதவு தன் அகலத்தை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை, பக்கத்துச் சுவரையும் சேர்த்து முடக்கிவிடும். இதே கதவு மூலையிலிருந்து இரண்டேகால் அடி தள்ளி இருந்திருந்தால் இந்தக் கடிதத்தையே நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். புதிதாகக் கதவு வைக்கும் யாரும் இந்த ஒரு அளவை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளலாம். நிலையின் வெளி விளிம்பு மூலையிலிருந்து 26 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

என் யோசனை இது. ஹால் கதவை அதே முன்சுவரில் வலப்பக்கம் நகர்த்துங்கள். வலது மூலையிலிருந்து இரண்டரை அடி விட்டு, 3 அடித் திறப்பு. இடப்பக்கம் நாலரை அடிச் சுவர் மிஞ்சும். இப்போது ஹால் கதவும் கொல்லைக் கதவும் ஏறக்குறைய எதிரெதிரே வந்துவிடும். ஸ்டோர் கதவும் அதே வழியில்தான் இருக்கிறது, எனவே அதை மூட வேண்டியதே இல்லை. அம்மா சொன்னது சரி. நடைவழி வலது பாதியோடு ஒதுங்கிவிடும், இடது சுவர் 12 அடியும் முழுசாகக் கையில் கிடைக்கும். நேராக்கினாலும் நடைக்கு 36 சதுர அடி போகத்தான் செய்யும், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மிச்ச இடம் இரண்டு துண்டாக உடையாமல் ஒரே பக்கம் சேர்ந்து கிடைக்கும். லாபம் அதுதான்.

ஏன் வலது மூலையில் இரண்டரை அடி விடச் சொல்கிறேன்? அங்கே வலது சுவரில் முதுகு சாய்த்து ஃப்ரிட்ஜ் நிற்கும். முதுகுப்புறக் காற்றுக்கு விடும் இடைவெளியையும் சேர்த்து அதற்கு அந்த ஆழம் தேவை. முன்சுவரை ஒட்டி 4 அங்குலம் விட்டு நிறுத்தினால் கதவும் உள் தட்டுகளும் முழுதாகத் திறக்கும். தண்ணீர் எடுக்க வருகிற பிள்ளைகள் வாசலோடு எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள், அடுப்புப் பக்கம் வரவே வேண்டியதில்லை. சுவரின் பலத்துக்கும் இது நல்லது. மூலையை ஒட்டி ஓட்டை போட்டால் மெலிந்த ஒரு செங்கல் தூண்தான் மிஞ்சும், லிண்டலின் (திறப்புக்கு மேலே சுவரைத் தாங்குகிற குறுக்குக் கட்டையின்) பாரம் அதன் தலையில் இறங்கும்.

கொத்தனார் சொல்வது போல 10 அடிச் சுவரை மொத்தமாக எடுக்க வேண்டாம். மாடிச் சுவர் அதன் மேல் நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதுவரை அஸ்திவாரம் நெடுகப் பரவி இறங்கிய பாரம், உத்திரம் போட்ட பிறகு அதன் இரண்டு முனைகளில் மட்டும் குவியும். அறுபது வருட அஸ்திவாரத்திடம் அதைக் கேட்பது அநியாயம். செய்யவே முடியாது என்றில்லை. இரும்பு உத்திரம், இரண்டு பக்கமும் தூண், தூணுக்குக் கீழே தனிப் பாதம் என்று செய்யலாம். ஆனால் 3 அடிக் கதவை நகர்த்தித் தீர்க்கிற பிரச்சினைக்கு இத்தனை கலாட்டா எதற்கு? தவிர, ஓப்பன் கிச்சன் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. தாளிக்கிற புகையும் மிக்ஸி சத்தமும் நேராகச் சோபாவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இது என் ருசி, சட்டமில்லை.

3 அடித் திறப்பானாலும் பாரம் தாங்கும் சுவர் பாரம் தாங்கும் சுவர்தான். ஒரு கட்டமைப்புப் பொறியாளர் நேரில் வந்து சுவரையும் மாடியையும் பார்த்த பிறகே உளியை எடுக்க வேண்டும். உங்கள் வீட்டில் அவரிடம் குறிப்பாகக் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பழைய கதவு இடது மூலையிலிருந்து 1 அடியில் தொடங்கி 4 அடியில் முடிகிறது. புதியது நாலரை அடியில் தொடங்குகிறது. நடுவே அரை அடிதான். லிண்டல் இரண்டு பக்கமும் குறைந்தது 6 அங்குலமாவது சுவரில் உட்கார வேண்டும். ஆக, பழைய லிண்டலின் முனையும் புதிய லிண்டலின் முனையும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். புதியதைச் சில செங்கல் வரி மேலே ஏற்றி வைப்பதா, பழையதை எடுத்துவிட்டு இரண்டுக்கும் சேர்த்து ஒரே நீள லிண்டல் போடுவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். மேஸ்திரி வேலை நடக்கும்போது கண்ணளவில் தீர்மானிக்கிற விஷயம் இல்லை இது.

வேலையின் வரிசையும் முக்கியம். முதலில் பழைய வாசலை அடைத்துச் செங்கல் கட்டி, தண்ணீர் விட்டு ஆற்றுங்கள். அது இறுகிய பிறகு, முட்டுக் கொடுத்து, புதிய லிண்டலுக்கு மட்டும் பள்ளம் வெட்டி வையுங்கள். அங்கேயே கான்கிரீட் போடுவதானால் முட்டுக் கட்டைகளை இரண்டு வாரம் தொடாதீர்கள். வார்த்துவைத்த லிண்டல் என்றால் அந்தக் காத்திருப்பு இல்லை, அது உட்காரும் கலவை இறுகினால் போதும். லிண்டல் பாரத்தை வாங்கிய பிறகுதான் அதன் கீழே உள்ள செங்கலை எடுக்க வேண்டும். வெட்டும் இடத்தைச் சுவரின் இரண்டு பக்கமும் கட்டர் மெஷினால் கோடு கீறிவிட்டு, பிறகு மெதுவாகப் பெயர்க்கச் சொல்லுங்கள். அறுபது வயதுச் சுவரில் சம்மட்டி அடித்தால் விரிசல் கதவோடு நிற்காது, மாடி வரைக்கும் ஏறும். சாவியால் கீறிப் பார்த்தால் கலவை பொடிப்பொடியாக உதிர்கிறதா? அப்படியானால் சுண்ணாம்போ மண்ணோதான், இன்னும் பதமாக நடந்துகொள்ள வேண்டும். சுண்ணாம்புச் சுவரின் மேல் கெட்டி சிமெண்ட் பூச்சு பூசினால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் தங்கி, பூச்சு உப்பிக்கொண்டு வரும். ஒட்டுப்போடும் இடத்திலும் சுண்ணாம்புக் கலவையே பூசட்டும்.

பழைய வாசலை அடைக்கும்போது நிலையைக் கழற்றிவிட்டு, அந்த இடைவெளியில் செங்கலை அடுக்கிப் பூசிவிட்டுப் போவதுதான் வழக்கம். ஆறு மாதத்தில் கதவின் உருவம் அப்படியே மெல்லிய கோடாகச் சுவரில் எழுந்து நிற்கும். பழைய சுவரின் ஓரத்தில் சில வரிகளுக்கு ஒருமுறை செங்கலைக் குடைந்து, புது வரியைப் பல் கோப்பது போல உள்ளே செருகிக் கட்ட வேண்டும். மேல் வரிக்கும் பழைய லிண்டலுக்கும் நடுவே கலவையை இறுக்கித் திணிக்க வேண்டும். பிறகு இணைப்பின் மேல் கோழி வலை அடித்துப் பூச வேண்டும். வலை வேண்டாம் என்று சொல்கிற கொத்தனாரிடம் வாதாடாதீர்கள், நீங்களே வாங்கி வந்து கையில் கொடுத்துவிடுங்கள்.

புதிய வாசலுக்கு எந்த மாதிரிக் கதவு? உள்ளே திறக்கிற கதவு இங்கே எடுபடாது. வலப்பக்கம் கீல் வைத்தால், திறந்த கதவு ஃப்ரிட்ஜின் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். இடப்பக்கம் வைத்தால் அடுப்புப் பக்கம் நிற்பவரின் தோளில் இடிக்கும். 3 அடிக் கதவு திறந்து மூட 7 சதுர அடித் தரையைக் கேட்கிறது. ஹால் பக்கத்தில், சுவரோடு பக்கவாட்டில் நகரும் தள்ளுகதவாகப் போடுங்கள். தள்ளினால் அது எங்கே போய் நிற்கும்? அடைத்த பழைய வாசலின் மேல்தான். ஒட்டுப்போட்ட சுவரை அதுவே மறைத்துக்கொள்ளும். ஹாலுக்குள் திறக்கிற சாதாரணக் கதவானாலும் பரவாயில்லை. கொல்லைக் கதவுக்கு வலப்பக்கம் கீல் வைத்தால் திறந்ததும் வலது சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்டோர் கதவு ஸ்டோருக்குள்ளேயே திறக்கட்டும்.

திறப்பு அகலத்தில் நானே ஒருமுறை சூடுபட்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் 30 அங்குலக் கதவு என்று கணக்கிட்டு 29 அங்குல ஃப்ரிட்ஜை வாங்கச் சொல்லிவிட்டேன். நிலையின் உள் விளிம்பும், 90 பாகைக்கு மேல் திறக்காத கதவின் தடிமனும் சேர்ந்து இரண்டு அங்குலத்தைத் தின்றுவிட்டன. கடைசியில் கதவைக் கீலோடு கழற்றித்தான் ஃப்ரிட்ஜை உள்ளே கொண்டுபோனோம். அன்றிலிருந்து நான் கதவை அளப்பதில்லை. கதவைத் திறந்து வைத்து, மிஞ்சுகிற இடைவெளியை அளக்கிறேன். அது 32 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அம்மாவுக்கு நாளைக்கு வாக்கரோ சக்கர நாற்காலியோ தேவைப்பட்டாலும் அந்த அளவு போதும்.

இனி மேடை. அலமாரிக்காரரின் 'யு' வேண்டாம். மூன்றாவது கை ஹால் வாசலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், வருவோர் போவோரின் இடுப்பு அதன் முனையில் இடிக்கும். கை எட்டாத இருட்டு மூலை ஒன்றும் கூடுதலாகச் சேரும். 'எல்' போதும். இடது சுவர் நெடுக 12 அடி, பின்சுவரில் மூலை போக 4 அடி. மொத்தம் 16 அடி மேடை. இப்போது உங்களிடம் இருப்பது 6 அடி!

சிங்க் பின்சுவரிலேயே இருக்கட்டும். உங்கள் மனைவி கோபித்துக்கொள்ளலாம், காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜன்னலுக்கு அடியில் கொண்டுவர முடியும். கழிவுக் குழாய் 6 அடி கூடுதலாக ஓட வேண்டும், அடிக்குக் கால் அங்குல வாட்டம் என்றால் ஒன்றரை அங்குலம் இறங்கினால் போதும். அது பெரிய காரியம் இல்லை. ஆனால் அந்த வெளிச்சம் பாத்திரம் கழுவுவதைவிடக் காய் நறுக்கவும் பருப்பில் கல் பொறுக்கவும்தான் அதிகம் தேவை. ஜன்னல் கதவு உள்ளே திறக்கிற வகையானால் குழாயின் வளைந்த கழுத்தில் போய் முட்டவும் செய்யும். எனவே பின்சுவரில் சிங்க், இடது சுவரில் ஜன்னலுக்கும் முன்மூலைக்கும் நடுவே அடுப்பு, இரண்டுக்கும் இடையே ஜன்னலடியில் நறுக்கும் மேடை. அடுப்புக்கு இரண்டு பக்கமும் சூடான பாத்திரத்தை இறக்க இடம் இருக்க வேண்டும், ஒருபக்கம் 12 அங்குலம், இன்னொரு பக்கம் 15. ஜன்னலுக்கு நேர் கீழே மட்டும் அடுப்பு வேண்டாம். காற்று ஜ்வாலையைச் சாய்க்கும், திரைச்சீலை இருந்தால் ஆபத்து.

சிங்க், அடுப்பு, ஃப்ரிட்ஜ் மூன்றையும் கோடு போட்டு இணைக்கும் முக்கோணக் கணக்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1940களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்விலிருந்து பரவியது அது. ஒவ்வொரு பக்கமும் 4 அடியிலிருந்து 9 அடிக்குள், மூன்றும் சேர்ந்து 26 அடிக்கு மிகாமல் என்பது விதி. உங்களுக்கு சிங்க்கிலிருந்து அடுப்பு 7 அடி, அடுப்பிலிருந்து ஃப்ரிட்ஜ் 6 அடி, ஃப்ரிட்ஜிலிருந்து சிங்க் 10 அடிக்குச் சற்றுக் குறைவு. கடைசிப் பக்கம் விதியைக் கொஞ்சம் மீறுகிறது. விட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவே நடக்கிற நடையில் கால்வாசிகூட அந்தப் பக்கம் இருக்காது.

மேடை உயரத்தை அலமாரிக்காரரின் அச்சடித்த அளவுக்கு விடாதீர்கள். அதிகம் சமைப்பவர் யாரோ அவர் நேராக நின்று முழங்கையை மடக்கட்டும். தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் 4 முதல் 6 அங்குலம் கழித்தால் அவருடைய உயரம் கிடைக்கும். 5 அடி உயரமுள்ளவருக்கு அது சுமார் 33 அங்குலம் வரும். இதையும் ஜன்னலின் அடிவிளிம்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய வீடுகளில் ஜன்னல் தாழ்வாகத் தொடங்கும். கல்லைப் போட்ட பிறகு ஜன்னல் கதவு திறக்கவில்லை என்று புலம்பியவர்கள் நிறையப் பேர்.

இன்னொரு கண்ணி தரையில் இருக்கிறது. பழைய தரையைப் பெயர்க்காமல் அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டினால், அது மேடுபள்ளமாக இருந்தால் ஒன்றரை, இரண்டு அங்குலம்கூட உயர்ந்துவிடும். கொல்லைக் கதவும் ஸ்டோர் கதவும் அந்தக் காலத்து உயரம்தானே? 6 அடி நிலை 5 அடி 10 அங்குலமாகிவிடும். வீட்டில் உயரமானவர் யாராவது இருந்தால் நெற்றியில் தெரியும். கதவின் அடியையும் சீவ வேண்டிவரும். ஹால் தரைக்கும் சமையலறைத் தரைக்கும் நடுவே சின்னப் படி ஒன்று உருவாகும், கொதிக்கிற பாத்திரத்தோடு வருகிறவர் தடுக்கி விழ அது போதும். எனவே பழைய தரையைப் பெயர்த்துவிடுவதே மேல். ஒரு நாள் தூசிதான்.

சுவர் நேராக இருக்கும் என்று நம்பி அலமாரிக்கு அளவு கொடுத்துவிடாதீர்கள். தரை மட்டத்தில், மேடை மட்டத்தில், தலை மட்டத்தில் என்று மூன்று இடத்தில் அளந்தால் மூன்று விடை வரும். பூச்சு முடிந்து காய்ந்த பிறகு அளக்கிற அளவுதான் அளவு. இப்போது கையில் இருக்கும் படத்துக்கு முன்பணம் கொடுக்காமல் இருந்தால் நல்லது.

மின்சாரத்தில் ஒன்றுதான் சொல்வேன். பழைய வயரிங்கை அப்படியே நீட்டாதீர்கள். ஃப்ரிட்ஜுக்கு ஒரு தனி வயர், அதிக மின்சாரம் இழுக்கிற சாதனங்களுக்குத் தனி வயர், எல்லாவற்றுக்கும் எர்த், மின்கசிவைத் துண்டிக்கும் பிரேக்கர். பிளக் பாயிண்டுகள் மேடைக்கு மேலே, சிங்க்கின் சாரல் எட்டாத தூரத்தில்.

இத்தனையும் தாளில் சரியாக இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டில் நடக்கப் போவது நானில்லை. எனவே எதையும் இடிக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தரையில் சாக்பீஸால் புதிய மேடையின் விளிம்பையும் முன்சுவரில் புதிய வாசலையும் வரையுங்கள். ஃப்ரிட்ஜின் இடத்தில் அட்டைப்பெட்டிகளை அடுக்குங்கள். வாசல் இன்னும் உடையவில்லை என்றாலும், உடைந்ததாக வைத்துக்கொண்டு அம்மாவும் மனைவியும் சமைக்கிற மாதிரி நிற்கட்டும், நீங்கள் ஒரு குடம் நிறையத் தண்ணீரோடு அந்தக் கோட்டிலிருந்து கொல்லைக் கதவு வரை இரண்டு தடவை போய் வாருங்கள். யார் மீதாவது இடித்தால், எந்த இடத்தில் இடித்தது என்று தரையிலேயே குறித்து அந்த அளவை எனக்கு எழுதுங்கள். வாசலை மூன்று நான்கு அங்குலம் அப்படி இப்படி நகர்த்த அப்போது இடமிருக்கும்.

அந்தச் சாக்பீஸ் கையில் இருக்கும்போதே லைட் ஸ்விட்சின் இடத்தையும் குறித்துவிடுங்கள். இப்போது அது பழைய ஹால் கதவின் ஓரத்தில்தான் இருக்கும். கதவை நகர்த்திவிட்டு ஸ்விட்சை மறந்தால், இருட்டில் வந்து நாலடி தள்ளித் தடவ வேண்டியிருக்கும். தள்ளுகதவு போய் ஒதுங்காத வலப்பக்கத்தில், ஹால் பக்கமாகவே வையுங்கள்.